பி பாசிட்டிவ்

பண்டமாரான்
4.9.1988

அன்புள்ள அக்கா,
நலம். எனக்கு எட்டாம் மாதம் பிறந்துவிட்டது. நீதான் எட்டிப் பார்ப்பதே இல்லை.

கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி என் ரத்தம் என்ன வகை என்று கேட்டார். பி பாசிட்டிவ் என்றேன். சோதித்துவிட்டு, இல்லை, ஓ என்கிறார். போன வருடம் கோயிலில் நான் ரத்தம் கொடுத்தபின் வந்த மலாய்க் கடிதத்தைப் பார்த்து என் வீட்டுக்காரர்தான் பி பாசிட்டிவ் என்று சொன்னார். அதை இத்துடன் அனுப்புகிறேன். டாக்டரிடம் வேலை செய்கிறவள் நீ, படித்துச் சொல்.

உன் தங்கை
இராஜம்மா

பிரிக்பீல்ட்ஸ்
8.9.1988

என் ராஜிக்கு,
அது ரத்த வகை இல்லையடி. ஹெப்படைட்டிஸ் பி என்ற கல்லீரல் நோய்க் கிருமி உன் ரத்தத்தில் இருக்கிறதாம். மறுபடி சோதிக்க வரச்சொல்லித்தான் எழுதியிருக்கிறார்கள். உடம்புக்கு ஒன்றும் தெரியாமலே வருடக்கணக்கில் இருக்கும் என்கிறார் எங்கள் டாக்டர். பிரசவத்தில் பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளலாம். பிறந்த அன்றே இரண்டு ஊசி போட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாமாம். நீ சொன்னால்தான் போடுவார்கள். உடனே மிஸ்ஸியிடம் சொல்.

அக்கா
சீதாலெட்சுமி

பண்டமாரான்
14.9.1988

அக்கா,
எப்படிச் சொல்வேன்? கிளினிக்குக்கு மாமியார் கூடவே வருகிறார். எதிர்வீட்டுத் தனலெட்சுமிக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காதே என்று என்னைத் தடுத்தவர். என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அப்பா அம்மா போனபின் நமக்கு ஏது பிறந்த வீடு? இவரிடமும் சொல்லவில்லை. நீ யாரிடமும் வாயைத் திறக்காதே.

இராஜம்மா

பிரிக்பீல்ட்ஸ்
18.9.1988

ராஜி,
திறக்க மாட்டேன். தட்டாலும் தண்ணீராலும் இது பரவாது என்று டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். உன் மாமியாரை நினைத்தால் எனக்கும் பயம்தான். ஆனால் நீ வாயை மூடிக்கொண்டிருந்தால் பாதிக்கப்படப்போவது அந்தப் பிள்ளை. என் வீடு ஒற்றை அறைதான். அதில் உங்கள் இருவருக்கும் இடமிருக்கிறது.

அக்கா

பண்டமாரான்
20.10.1988

அக்கா,
திங்கட்கிழமை பெண் குழந்தை பிறந்தது. கடைசிவரை நான் சொல்லவில்லை, திட்டிக்கொள். வலியோடு பிரசவ அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். கதவருகில் அவர் காதுபடவே சொன்னேன்: "எனக்கு ஹெப்படைட்டிஸ் பி இருக்கு மிஸ்ஸி. பிள்ளைக்கு ஊசி போட்டுடுங்க." மாமியார் கையை விட்டுவிட்டார்.

ஊசி இரண்டும் போட்டாகிவிட்டது. என்னையும் தொடர்ந்து சோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். "முன்னாடியே சொல்லியிருக்கலாம் லா" என்றார் இவர். நாளை அவரும் ரத்தம் சோதிக்கப் போகிறார். முடிவு வரும்வரை எனக்குத் தூக்கமில்லை.

மாமியார் இன்னும் பிள்ளையைத் தொடவில்லை. எத்தனை நாளைக்கோ, பயமாகத்தான் இருக்கிறது. நான் அவளைக் கீழே விடாமல் தூக்கி வைத்திருக்கிறேன்.

இராஜம்மா