யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவின் இருமல் எப்படி? நான் நலம்.

ஆர்டர்கள் பாதியானதும் யாருக்கு வேலை போகுமோ என்று ஃபேக்டரியில் எல்லோரும் பயந்தார்கள். முதலாளியோ கையிருப்பை எல்லாம் போட்டுப் புது மெஷின் வாங்கத் துடித்தார். கணக்குப் பிரிவில் இருப்பதால் நான்தான் வாயைத் திறந்தேன்.

"இப்ப வாங்கினா சம்பளத்துக்குக் கையில காசு இருக்காது சார். பழசையே ரிப்பேர் பண்ணி ஓட்டலாம். பணத்தை நினைச்சவுடனே எடுக்கிற மாதிரி பேங்க்ல போட்டு வைக்கலாம்."

அன்று முழுக்க அவர் கணக்கு நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் எல்லோரையும் கூப்பிட்டார்.

"மெஷின் அப்புறம் பாத்துக்கலாம். யாரையும் வீட்டுக்கு அனுப்பலை."

வெல்டர் அக்கா என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

அலமாரியில் இருக்கும் என் நீலப் போர்வையை அனுப்புங்கள். இங்கும் போர்வை கிடைக்கிறது. ஆனாலும் அதுதான் வேண்டும். துவைக்க வேண்டாம்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்