மேகம் மூடிய ஒன்பது இரவுகள்

ஜூன் 12, வியாழன்
நட்சத்திரம் ஒருவழியாகப் பாடிவிட்டது! நாற்பது இரவுகளில் அதன் வெளிச்சம் எப்படி மாறியது என்பதைக் கம்ப்யூட்டரில் ஒலியாக்கியிருக்கிறேன், இரவுக்கு இரண்டு விநாடி. வெளிச்சம் கூடினால் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும். நடுவே மேகம் மூடிய ஒன்பது இரவுகளுக்கு அளவே இல்லை. உத்தேசமாகக் கணக்குப் போட்டு நிரப்பிவிட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது?

ஜூன் 14, சனி
தமிழ்மாறன் மந்தைவெளி வீட்டுக்கு வந்தார். வங்கியில் டெலிபோன் ஆபரேட்டர், பிறவியிலேயே பார்வை இல்லை. அவரைப் போன்றவர்கள் நட்சத்திரத்தைக் காதால் கேட்கத்தான் மாதக் கடைசியில் நடக்கவிருக்கும் இந்த மேடை நிகழ்ச்சியே. மூன்று முறை கேட்டார்.

“நடுவுல இன்னா ஆச்சு மேடம்? அந்த எடம் மட்டும் ரொம்ப நல்ல புள்ளையா கீது.”

மேகம் என்றேன்.

“அப்ப நீங்களும் பாக்கல?”

“இல்ல.”

“அத்த எங்கிட்ட சொல்லாம மூடிட்டீங்களே.”

டீயைக் குடிக்காமலே போய்விட்டார்.

எரிச்சலா இருக்கு. அவர் மேலயா, என் மேலயா? எல்லாரும் செய்றதுதானே — இல்ல. கண்ணு தெரியாதவருக்கு இது தெரியாதுன்னு நெனச்சேன். அதான் விஷயம். எழுதிட்டேன்.

ஜூன் 16
நிரப்பியதை அழித்தேன். இப்போது அங்கே பதினெட்டு விநாடி மௌனம்.

ஜூன் 19, வியாழன்
நிகழ்ச்சியை நடத்தும் ஸ்ரீரஞ்சனிக்குப் பிடிக்கவில்லை. “பதினெட்டு செகண்டா? ஸ்பீக்கர் போயிடுத்துன்னு எழுந்து போயிடுவா, ஷாகிரா. தம்புராவாவது போடேன்.” மாட்டேன் என்றேன். “அப்போ உன் பொறுப்பு.”

தமிழ்மாறனுக்கு ஃபோன் செய்து மன்னிப்புக் கேட்டேன். மேகத்தைப் பற்றி மேடையில் நீங்களே சொல்வீர்களா என்றும் கேட்டேன். யோசித்துச் சொல்வாராம்.

ஜூன் 21
சரி என்றுவிட்டார்!

ஜூன் 28, சனி
ஆழ்வார்பேட்டை அரங்கில் இருநூறு பேர். நட்சத்திரம் ஏறி, இறங்கி, நின்றது. தமிழ்மாறன் மைக்கைப் பிடித்தார்: “இனிமே ஒம்போது ராத்திரி மேகம். யாருக்கும் ஒண்ணும் தெரியல. எல்லாரும் என்னோட கொஞ்சம் உக்காருங்க.”

ஒரு இருமல்கூட இல்லை. ஒருவரும் எழவில்லை. சுருதி திரும்ப எழுந்ததும் முன்வரிசையில் ஒரு குரல் “அப்பாடா” என்றது. ஸ்ரீரஞ்சனி!

ஆகஸ்ட் 4, திங்கள்
அடுத்த நிகழ்ச்சியில் நட்சத்திரத்தின் சுருதியோடு சேர்த்து மேடையில் சொல்லும் கதையை எழுதுவது தமிழ்மாறன்தான். மதியம் ஃபோன். “ஷாகிரா, இந்தப் புது நட்சத்திரம் சரியான சோம்பேறி. ஒரு மாசமா ஒரே சுருதியில குந்திக்கினு கீது. இத்த வச்சி நான் இன்னா கதை சொல்றது?” அரை மணி நேரம் சண்டை போட்டோம். சாப்பாடு ஆறிப்போனது. அவர் சொன்னதுதான் சரி. நாளைக்கு வேறு நட்சத்திரம் தேட வேண்டும்.