அண்ணனின் ஹால் டிக்கெட்

காரைக்குடி, 12.10.1999, செவ்வாய்

கோபம் இன்னும் ஆறவில்லை. எங்கள் சங்கத்தின் இணையதளத்தில், வரன் விவரம் பதிவதற்கென்று தனிக் கிளை முகவரி தொடங்கியிருக்கிறார்கள். உறுப்பினர்களுக்கு அதன் வழிமுறையை எழுதித் தரும் வேலை எனக்கு. அதைத் திறந்தாலே, ‘இந்தச் சான்றிதழ் வேறு பெயருக்கு உரியது’ என்று கணினி எச்சரிக்கிறது. தளம் போலியல்ல என்று காட்டும் பாதுகாப்புச் சான்றிதழைத் தலைமை முகவரிக்கு மட்டும்தான் வாங்கினார்களாம்.

தளம் அமைத்த கணேசன் சிரிக்கிறார். “எச்சரிக்கை வந்தா ‘சரி’ய அமுக்கணும்னு வழிமுறையில எழுதிருங்க சார்.”

“அண்ணன் ஹால் டிக்கெட்டக் காட்டி தம்பி பரீட்சை எழுதலாமாய்யா?”

“இதென்ன பரீட்சை ஹாலா? எதுக்குக் கோவப்படுறீக? எல்லாரும் அமுக்கத்தானே செய்றாக!”

வீட்டுப் பெண்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும் அந்த வழியாகப் போகின்றன. நாளை ஒரு போலித் தளம் இதே எச்சரிக்கையோடு வந்தாலும், பழகிய கை ‘சரி’யைத்தானே அமுக்கும்? தனிச் சான்றிதழ் வாங்கும்வரை வழிமுறை எழுத மாட்டேன் என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது. அங்கே முதலில் பதிவானது என் மகள் செல்வியின் விவரம். சனிக்கிழமை நானேதான் பதிந்தேன். அன்றும் எச்சரிக்கை வந்தது. படிக்காமலே ‘சரி’யை அமுக்கினேன். ‘கேள்வியை முழுதாகப் படி’ என்று முப்பது வருடம் வகுப்பில் சொன்னவன் நான்.

செல்வியிடம் இன்னும் சொல்லவில்லை.