பத்தால் வகுக்கவும்

ஜனவரி 11

பனிப்பாறைகளின் பட்டத்து ராணியாகிய என் மருமகளுக்கு,

யாரும் நம்ப முடியாத ஒரு கதையை இப்போது சொல்லப் போகிறேன். ஒலிபெருக்கி மேல் ஆணை, இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை பேருந்து நிலையத்தில் மின்சாரம் போய்விட்டது. மைக் செத்துவிட்டது. "அறிவிப்பாளரே, இன்னிக்கு உங்களுக்கு லீவுதான்" என்று டிக்கெட் கவுன்டர் அம்மாள் சிரித்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. என் அறை ஜன்னலைத் திறந்து, தொண்டையைச் செருமி, ஐந்தாம் நடைமேடையிலிருந்து புறப்படும் வண்டியை வெறும் வாயால் அறிவித்தேன். காலையிலேயே கிளம்பிப் போயிருந்த இரண்டு பேருந்துகள் பாதி வழியில் அதைக் கேட்டு, ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நடுங்கித் திரும்பி வந்துவிட்டன. ஓட்டுநர் ஒருவர் அழுதேவிட்டார். கூரையில் இருந்த புறாக்கள் இறங்கி வரிசையில் நின்று டிக்கெட் எடுத்தன. சில்லறை சரியாகக் கொடுத்தது அவை மட்டும்தான்.

அன்றிலிருந்து தொண்டை கரகரக்கிறது. புகழுக்கு ஒரு விலை உண்டல்லவா?

போனில் சொன்னால் நடுவிலேயே "பொய்!" என்று கத்துவாய். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதுவும் போக, உன் ஞாயிற்றுக்கிழமை போன் நின்று நாளாகிவிட்டது. உன் அம்மா இருந்தவரை மணி அடித்துக்கொண்டே இருந்தது. குறை சொல்லவில்லை. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

பனி எப்படி இருக்கிறது? அது உருகினால் கடல் ஏறுமாமே, நாங்கள் இங்கே கட்டிலைக் கொஞ்சம் உயரமாகப் போட்டுக்கொள்ளலாமா?

உன் தாய்மாமன்,
பேருந்து நிலையப் பேரரசன்


ஜனவரி 30

அன்புள்ள புளுகு மாமாவுக்கு,

கட்டிலை உயர்த்த வேண்டாம். இன்னும் காலம் இருக்கிறது.

நான் பனிமேல் கொடி நட்டுக்கொண்டு நிற்பதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பீர்கள் என்று தெரியும். உண்மையைச் சொல்கிறேன்: அந்தப் பனியை நான் தொட்டதே இல்லை. என் அறை ஜன்னல் வழியாகத் தெரிவது கார் நிறுத்துமிடம். முனைவர் பட்டத்துக்குப் பிறகு இது மூன்றாவது ஒப்பந்த வேலை, மூன்றாவது ஊர். செப்டம்பரில் இதுவும் முடிகிறது. பாதிப் பெட்டிகளை நான் இன்னும் பிரிக்கவே இல்லை.

பனி எப்படி இருக்கிறது என்று கேட்டீர்களே, என் வேலை என்னவென்று சொல்கிறேன். துருவத்துப் பனிமேல் விமானம் கோடு போட்டமாதிரிப் பறக்கும். கீழே பனி எவ்வளவு ஆழம் என்று ரேடார் அளக்கும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே பரந்த வெள்ளை. அங்கே யாரும் அளக்கவில்லை. அளக்காத இடத்தில் என்ன இருக்கும் என்று சொல்வதுதான் என் பிழைப்பு. ஆக, நீங்கள் வாயால் புளுகுகிறீர்கள், நான் புள்ளியியலால் புளுகுகிறேன். ஒரே வித்தியாசம், நான் எவ்வளவு தப்பாக இருக்கலாம் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். கிட்டத்தில் எடுத்த அளவு நிறையச் சொல்லும். தூரம் போகப் போகக் குறையும். ஒரு தொலைவுக்கு அப்பால் அது ஒன்றுமே சொல்லாது.

உங்களுக்கு ஒரு பெருமைச் செய்தி. எங்கள் குழுவில் 'மாமா விதி' என்று ஒன்று இருக்கிறது. ஒரு கருவி எப்போதும் ஒரே விகிதத்தில் தப்பாகக் காட்டினால் அது மோசமான கருவி இல்லை, வகுத்துக்கொண்டால் போதும். இதை விளக்க உங்களைத்தான் உதாரணம் காட்டினேன். நீங்கள் சொன்ன இருபதடிப் பாம்பு, அம்மாவிடம் கேட்டபோது இரண்டடி. உங்களைத் துரத்திய முப்பது நாய்கள், அம்மா கணக்கில் மூன்று. எதை எடுத்தாலும் பத்து மடங்கு. அப்படி ஒரு நேர்மை!

சீக்கிரம் கூப்பிடுகிறேன்.

மருமகள்


பிப்ரவரி 14

விதி வகுத்த மருமகளுக்கு,

பத்தா? வெறும் பத்தா? என் இத்தனை வருட உழைப்புக்கு ஒரு நூறாவது போட்டிருக்கக் கூடாதா? கடிதத்தைக் கவுன்டர் அம்மாளிடம் காட்டினேன். "நானா இருந்தா ஆயிரத்தால வகுத்திருப்பேன். உங்க மருமகளுக்கு ரொம்ப நல்ல மனசு" என்றார். எல்லாம் பொறாமை.

இனி அரசவைச் செய்தி. என் தொண்டைக்குள் மிளகு அளவில் ஒரு பிரகஸ்பதி, வாடகை தராமல் குடியேறியிருக்கிறான். டாக்டரம்மா மூக்கு வழியாக விளக்கு வைத்த குழாயை விட்டு அவனை நேரில் பேட்டி கண்டார். அந்த அம்மாவுக்கு வயது என்னில் பாதி இருக்காது. பார்வை மட்டும் நீதிபதியுடையது. மார்ச் பன்னிரண்டாம் தேதி என் குரல்வளையையே முழுதாகப் பறிமுதல் செய்யப் போகிறார்களாம். "அப்புறம் நான் எப்படிம்மா பேசறது?" என்று கேட்டேன். "எழுதிக் காட்டலாம் சார்" என்றார். மூவுலகையும் கிடுகிடுக்க வைத்த குரலுக்குத் தீர்ப்பைப் பார்த்தாயா!

ஆகவே பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு: பன்னிரண்டாம் தேதிக்குள் இக்குரலைக் கேட்க விரும்புவோர் கேட்டுக்கொள்ளலாம். அனுமதி இலவசம். துருவத்துக்காரர்களுக்கு முன்னுரிமை. எந்த ஞாயிறானாலும் சரி, திங்களானாலும் சரி. போன் பக்கத்திலேயே நாற்காலி போட்டிருக்கிறேன்.

மாமா


மார்ச் 1

அன்புள்ள மாமா,

சிரித்துச் சிரித்து, பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து என்னவென்று கேட்டுவிட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். உடனே விதிப்படி கணக்கும் போட்டோம். மிளகைப் பத்தால் வகுத்தால் கடுகுகூட இல்லை. குரல்வளைப் பறிமுதலைப் பத்தால் வகுத்தால், ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு. அந்த டாக்டருக்கு என் அனுதாபங்கள். உப்புப் போட்டு வெந்நீரில் கொப்பளியுங்கள், மாமா. சத்தம் போடாதீர்கள். மைக் இருக்கும்போது எதற்குக் கத்துகிறீர்கள்?

அடுத்த வேலைக்கான விண்ணப்பம் பதினெட்டாம் தேதிக்குள் போக வேண்டும். இது தவறினால் பத்து வருடப் படிப்பைச் சுருட்டி வைத்துவிட்டு வேறு எதையாவது பார்க்க வேண்டியதுதான். எங்கள் குழுத் தலைவி நேற்று, "இதுல கோட்டை விட்டா அப்புறம் நானே ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டார். அதை அனுப்பிய கையோடு கூப்பிடுகிறேன். அவசரமாகப் பேசி வைத்துவிட மாட்டேன். அந்தப் புறாக் கதையை முதலிலிருந்து உங்கள் வாயால் கேட்க வேண்டும், புறாக்களின் குரல் உட்பட.

மருமகள்


மார்ச் 7

அன்புள்ள மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. வெந்நீர் குடிக்கிறேன். விண்ணப்பத்தை நன்றாக எழுது. வேலை முக்கியம்.

மாமா


மார்ச் 21

மாமா,

நேற்றுக் கூப்பிட்டேன். நீங்கள் எடுத்தீர்கள். மூச்சு விடுவது கேட்டது. "ஹலோ, மாமா, விளையாடாதீங்க, பேசுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். மேசையை விரலால் தட்டும் சத்தம் வந்தது. அதற்கும் சிரித்தேன். பிறகு உங்களைப் பார்க்க வந்திருந்த கவுன்டர் அம்மாள் போனை வாங்கி, "அவரால பேச முடியாதும்மா. ஆபரேஷன் ஆயிடுச்சு. உனக்குத் தெரியாதா?" என்றார்.

எனக்குத் தெரியும். தேதியோடு எழுதியிருந்தீர்கள். நான் வகுத்துக்கொண்டேன்.

ஒரு கருவியின் பிழை சீரானது என்று நம்பினால், அதை அவ்வப்போது வேறொன்றோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அம்மா இருந்தவரை ஒத்துப் பார்த்தேன். அம்மா போன பிறகு ஒருநாளும் பார்க்கவில்லை. பழைய பத்தையே வைத்துக்கொண்டேன். என் மாணவர் யாராவது இப்படிச் செய்திருந்தால் தாளைத் திருப்பி வீசியிருப்பேன். உங்கள் ஏழாம் தேதிக் கடிதத்தில் ஒரு பொய்கூட இல்லை. அதைப் பார்த்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு நடுவில் வைத்து மூடிவிட்டேன்.

என் போனில் தேடினேன். நீங்கள் கூப்பிட்டு நான் எடுக்காத அழைப்புகள் இருக்கின்றன. குரல் இல்லை. நிலையத்தில் பதிவு ஏதாவது இருக்குமா என்று கவுன்டர் அம்மாளிடம் கேட்டேன். "அவரு தினம் நேர்லதானேம்மா பேசுவாரு, யாரு புடிச்சு வச்சா? இப்ப மெஷின் வந்திருச்சு. ஒரு பொண்ணு பேசுது, மூக்கடைச்ச மாதிரி" என்றார்.

விண்ணப்பம் போய்விட்டது. நன்றாகத்தான் வந்திருக்கிறது. அளக்காத வெள்ளையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன்.

என்னை மன்னியுங்கள், மாமா. நான் வரலாமா? ஒரே ஒரு வரியாவது பொய்யில்லாமல் எழுதுங்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்வேன்.

மருமகள்


ஏப்ரல் 9

மருமகளுக்கு,

வா. வராதே என்று கத்த என்னிடம் குரல் இல்லை.

மன்னிப்பு கேட்டிருக்கிறாய். சக்கரவர்த்திகளிடம் அது மூட்டை மூட்டையாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தேடிப் பார்த்தேன், தற்போது கையிருப்பில் இல்லை. பொய் சொல்லி உனக்கு ஒன்றை அனுப்பலாம். நீதான் பொய் வேண்டாம் என்கிறாய். என் பக்கமும் கோளாறு உண்டு. பத்தால் வகுப்பவளுக்குப் பத்தால் பெருக்கி அல்லவா எழுதியிருக்க வேண்டும்? மிளகு என்றேன், பூசணி என்றிருக்க வேண்டும். உண்மை எழுதிப் பழக்கமில்லாதவன் உண்மை எழுதினால் இப்படித்தான்.

இனி, என் குரல் என்னை விட்டுப் போன வரலாறு.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் என் கடைசி வேலைநாள். அன்று மாலை என் குரல் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "பயணிகள் கவனத்திற்கு. தென்துருவத்திலிருந்து வரும் பேருந்து இன்னும் சற்று நேரத்தில் மூன்றாம் நடைமேடைக்கு வந்து சேரும். அதில் வரும் பெண்ணை அழைத்துப் போக அவருடைய மாமா காத்திருக்கிறார்" என்று அறிவித்தது. பத்தாயிரம் பேர் மூன்றாம் நடைமேடைக்கு ஓடினார்கள். சொன்னபடி வண்டி வந்தது. சக்கரமெல்லாம் பனி, கூரைமேல் சரக்கோடு சரக்காக நான்கு பென்குவின்கள். மேலாளர் மட்டும் ஓடிவந்து, "என்னய்யா இது, கால அட்டவணையில இல்லாத வண்டி?" என்று குதித்தார். கவுன்டர் அம்மாள் அவரைப் பிடித்து இழுத்து, "விடுங்க சார், இன்னிக்கு ஒரு நாள்" என்றார். நடத்துநர் எங்கள் ஆட்களிடமும் டிக்கெட் கேட்கும் ரகம். என் குரலோ, "நான் ஸ்டாஃப்" என்று ஒரு அதட்டு அதட்டிவிட்டு ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நன்றி கெட்டது. மறுநாள் டாக்டரம்மா என் தொண்டையைத் திறந்து பார்த்தால் உள்ளே காலி. மிளகை மட்டும் எடுத்துக்கொண்டு ஏமாந்து போனார். இப்போது அது உங்கள் அளக்காத வெள்ளையில் எங்கோ உட்கார்ந்து பென்குவின்களுக்கு நடைமேடை எண் சொல்லிக்கொண்டிருக்கிறது. உங்கள் விமானத்து ரேடாரில் கரகரவென்று ஏதாவது வந்தால், பிழை என்று அழித்துவிடாதே.

பத்தாயிரம் பேர் பொய். பென்குவின் பொய். மூன்றாம் நடைமேடை அன்று மாலை காலியாகத்தான் கிடந்தது. ஒரு ஆள் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தார்.

அந்த அறிவிப்பை நான் செய்தது மட்டும் உண்மை. வழக்கம்போல இரண்டு முறை சொன்னேன்.

மாமா