சோதனைக்கு ஒரு ஷூ, கப்பலுக்கு வேறொரு ஷூ

அன்புள்ள அண்ணனுக்கு,

பேசத் தெரிந்த நாளிலிருந்து அண்ணன் என்றுதான் அழைத்திருக்கிறேன். இன்றைக்கு வேறெப்படி எழுதுவது? ஆனால் பாசத்தில் எழுதவில்லை. நீங்கள் இறந்துபோனதால் என் கோபம் குறைந்துவிடவில்லை.

போன மாதம் நம் மதுக்கரைக் கம்பெனியில் வேலையிலிருந்த ஆரோக்கியசாமியின் காலில், ஷூவின் அடிப்பாகத்தை வார்க்கும் கனமான சோல் அச்சு விழுந்தது. அவர் போட்டிருந்தது நாம் ஜெர்மனிக்கு அனுப்பும் அதே பாதுகாப்பு ஷூ. விரல்களைக் காக்க முனையில் வைத்த இரும்புக் கவசம் தகரம்போல மடங்கி, விரல்களையே வெட்டிவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவர் மனைவி ஸ்டெல்லா அழவில்லை. "ஏனுங்கம்மணி, இதைப் போட்டா கல்லு உழுந்தாலும் காலுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு உங்கண்ணன்தானுங்களே சொன்னாரு?" என்று கேட்டாள். அதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா?

சூப்பர்வைசர் செல்வராஜை விடாமல் கேட்டேன். "சோதனை பண்ண லேபுக்குப் போற ஜோடிக்குத் தடிமனான கவசமுங்க. கப்பலுக்குப் போறதுக்கு மெலிசுங்க. அண்ணன் சொன்னாரு, செஞ்சுபோட்டோமுங்க" என்றார்.

ஐரோப்பாவில் விற்கச் சான்று வேண்டும். சோதனையில் தேறிய ஷூவும் விற்கிற ஷூவும் ஒன்றுதான் என்று நாம் உறுதிமொழி தர வேண்டும். அதில் என்னைக் கையெழுத்துப் போட வைத்தீர்கள். "நம்ம ஷூ மேல யானையே ஏறலாம் கண்ணு" என்று சிரித்தீர்களே, கூசவில்லையா? எந்த ஊரில் யாரெல்லாம் அதை நம்பிக் காலில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்?

தூத்துக்குடியில் நின்ற கன்டெய்னரைத் திருப்பி வரவழைத்தேன். வாங்கியவர்களுக்கும் சான்று கொடுத்தவர்களுக்கும் நடந்ததை எழுதினேன். சான்றை நிறுத்திவைத்துவிட்டார்கள்.

அண்ணி வீட்டுக்கு வந்து, "செத்தவரு பேரைக் கெடுத்துப்போட்டயே அம்மணி" என்றார்.

"உசுரோட இருந்தா அவருகிட்டயே கேட்டிருப்பேனுங்க அண்ணி" என்றேன். எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு பேச்சில்லை.

இப்போது தடிமனான கவசத்தை மட்டும் வைத்துத் தைக்கிறோம். சோதனைக்கு நாங்கள் ஜோடி பொறுக்கிக் கொடுப்பதில்லை. நேற்று லேபிலிருந்து வந்தவரே குவியலில் கைவிட்டு எடுத்துப் போனார். தேறுமா, தெரியாது. தேறாவிட்டால் கதவைச் சாத்துவேனே தவிர, ஏமாற்றி ஒரு ஜோடிகூட அனுப்பமாட்டேன்.

ஆபீசில் மாட்டச் சொல்லி, அண்ணி உங்கள் படத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்தனுப்பியிருக்கிறார். ஆரோக்கியசாமி வேலைக்குத் திரும்பட்டும். அவர் சரி என்று சொன்னால் மாட்டுகிறேன்.

இன்னும் மன்னிக்காத உங்கள் தங்கை,
கவிதா