பட்டறையில் பளபளப்பாக்கிய பாட்டில்

எங்கள் வீட்டு வாலுக்கு,

அண்ணி எழுதுகிறேன். உன் அண்ணன் மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டு, வேளைக்கு ஒரு முறை என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார். நீ கொடுத்த கிட்னியும் அவருக்குள் சௌக்கியம். இனி வரும் சங்கதியைப் படித்துப் பயப்படாதே என்றுதான் இதை முதலில் சொல்லிவிட்டேன்.

பாலிஷ் பட்டறைக்காரரைக் கட்டிக்கொண்டவள் வீட்டில் எதுவும் மங்கலாக இருக்கக் கூடாதாம். ஆபரேஷனுக்குப் பிறகு தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டுமே என்று ஒரு அலுமினிய பாட்டில் வாங்கி அனுப்பினாயே, அதன் உள்ளே மஞ்சளாக ஒரு பூச்சு இருந்திருக்கிறது. இந்த மனிதர் அதை அழுக்கு என்று நினைத்து, பட்டறைக்குக் கொண்டுபோய், மெஷினில் பிரஷ்ஷை மாட்டி உள்ளே விட்டுச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டார். அதோடு விட்டாரா? கறுப்புப் பூச்சுப் போட்ட என் அலுமினிய வாணலியையும் வெள்ளை வெளேரென்று ஆக்கி, “இந்தா, முகம் பாத்துக்கோ” என்று நீட்டினார். நானும் பல்லிளித்துக்கொண்டு வாங்கினேன். வாணலியில் தினமும் தக்காளி வதக்கினேன், பாட்டிலில் எலுமிச்சைச் சாறு ஊற்றி வேலைக்கு அனுப்பினேன்.

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, நம் ஆள் பெருமை தாங்காமல் நர்ஸம்மாவிடம் பாட்டிலைத் திறந்து காட்டினார். அந்த அம்மாவுக்கு உள்ளே எட்டிப் பார்த்தவுடன் முகம் மாறிவிட்டது. “அந்தப் பூச்சுதான்யா காவலே, அதைப் போய்ச் சுரண்டிட்டீங்களே! நல்ல கிட்னி இருக்கறவங்களுக்குக் கொஞ்சம் அலுமினியம் உள்ள போனாலும் பெரும்பாலும் வெளியே போயிடும். கிட்னி சரியா வேலை செய்யலைன்னா உடம்புலயே தங்கிடும். வெறும் அலுமினியத்துல புளிப்பு ஊத்தி வைக்காதீங்க” என்று சொல்லி, எதற்கும் பார்த்துவிடலாம் என்று ரத்தம் எடுக்க அனுப்பினார்.

முடிவு வரும்வரை, ஒரு பெண் தன் வயிற்றைக் கிழித்துக் கொடுத்ததை நான் வாணலியில் வதக்கிக் கெடுத்துவிட்டேனோ என்று, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தெய்வம் கைவிடவில்லை. எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, கிட்னி நன்றாக வேலை செய்கிறது என்று டாக்டர் சொன்னதும் நர்ஸம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இப்போது வீடு முழுக்க எவர்சில்வர். அதிலும் ஒரு டம்ளரைப் பட்டறைக்குக் கொண்டுபோகப் பார்த்தார். கரண்டியைத் தூக்கினேன், ஆள் அடங்கிவிட்டார்.

முடிவு கேட்ட அன்று கிளம்பும்போது நர்ஸம்மா, “குடுத்தவங்க எப்படி இருக்காங்க? வருஷா வருஷம் செக்கப் பண்ணிக்கறாங்களா?” என்று கேட்டார். நாங்கள் உன்னிடம் ஒரு நாளும் அதைக் கேட்டதில்லையடி. ஒவ்வொரு தடவையும் நீதான் போனில் “அண்ணன் எப்படியிருக்கான்?” என்று கேட்கிறாய். நாங்களும் அவர் கதையையே சொல்லிவிட்டு வைத்துவிடுகிறோம்.

கண்ணு, தனியாக இருக்கிறாய், தலைவலி வந்தாலும் சொல்ல மாட்டாய். இந்த வாரமே போய்ப் பரிசோதித்துக்கொள். முடிவை எனக்கு எழுது, நல்லதோ கெட்டதோ மறைக்காதே. என் தாலியைக் காப்பாற்றியவள் நீ. உன்னிடம் மிச்சம் இருப்பது ஒன்றுதான், அது நூறு வயது வரைக்கும் உன்னைச் சுமக்கட்டும்.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
அண்ணி