பேத்திக்கு யார் தண்ணீர் ஊற்றுவது

ஆனி 20, வெள்ளி

விடியலிலிருந்து சாரல். துணி எதுவும் காயவில்லை. பேத்தியின் துணி பதினான்கு, மகள் செல்வியின் சேலை இரண்டு, என் வேட்டி ஒன்று. வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் கயிறு. நிமிர்ந்து நடந்தால் முகத்தில் ஈரம்.

பேத்தி பிறந்து இன்று பதினெட்டாம் நாள். பிறந்தபோது இரண்டே கால் கிலோ. ஒரு பூசணிக்காய்கூட இதைவிடக் கனக்கும். ஆனால் சத்தம் மட்டும் தென்காசி பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும்.

பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துத் தண்ணீர் ஊற்ற வந்துகொண்டிருந்த பேச்சியம்மாள் இன்று வரவில்லை. அவள் வீட்டு வாசல் பாசியில் வழுக்கி மணிக்கட்டு முறிவு. செங்கோட்டையில் மகன் வீட்டுக்குப் போய்விட்டாளாம். கட்டுப் பிரிக்க ஆறு வாரம்.

வேறு ஆள் தேடி நான்கு தெரு அலைந்தேன். ஒருத்தி கேரளாவுக்கு வேலைக்குப் போயிருக்கிறாள். ஒருத்தி இப்போது செய்வதில்லை என்றாள். மூன்றாமவள், உங்கள் வீட்டில் பொம்பளை யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். பிள்ளை பெற்றவள் மட்டும்தான், என் மனைவி இறந்து இரண்டு வருடம் என்றேன். அப்படியானால் யார் வெந்நீர் போட்டுத் தருவது என்றாள். நான் என்றேன். சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

வாங்க: பூண்டு, சுறாக் கருவாடு, துணி மாட்ட கிளிப்பு.

ஆனி 21, சனி

சம்பந்தி அம்மாள் ராயகிரியிலிருந்து போன். (சம்பந்தி அம்மாள் என்று முழுதாக எழுதினால் கை வலிக்கிறது. நான் எழுதக் கற்று எட்டு மாதம்தான். இனி ச.அ.)

பேச்சியம்மாள் விழுந்தது அவருக்கு நேற்றே தெரியும். எப்படி என்று கேட்கக் கூடாது.

ச.அ. சொன்னது: தாய் இல்லாத வீட்டுக்குத் தலைப்பிரசவத்துக்கு அனுப்பியதே தப்பு. மகன் கேட்டானே என்று பொறுத்தார். இனி தண்ணீர் ஊற்றவும் ஆள் இல்லை. ஆடி பிறந்துவிட்டால் பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பயணம் கூடாது. ஆகவே வருகிற வெள்ளிக்கிழமை காரோடு வருகிறார். தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

மூன்று மாதம் இங்கே என்பதுதான் பேச்சு என்றேன்.

"பேச்சு கெடக்கட்டும் அண்ணாச்சி. பிள்ளைக்கு யாரு தண்ணி ஊத்துவா? நீங்களா கால நீட்டி உக்காருவீய?"

போனை வைத்த பிறகு நல்ல பதில்கள் ஐந்து வந்தன.

மருமகன் ராணுவத்தில் இருக்கிறார், வடக்கே. சாயங்காலம் வீடியோவில் வந்தார். அம்மா சொல்வதைக் கேளுங்கள் மாமா என்று என்னிடம். உன் அப்பா சொல்வதைக் கேள் என்று செல்வியிடம். எந்தப் பக்கமும் சுடாத பட்டாளம்.

செல்வியிடம் நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். எனக்கு எதுவும் தெரியலப்பா என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

ஆனி 22, ஞாயிறு

பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றி மூன்று நாள். ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. உறங்க மாட்டேன் என்கிறது. செல்வியும் உறங்கவில்லை, நானும் இல்லை. எதிர்வீட்டுப் பூனை மட்டும் என் வேட்டிமேல் நல்ல உறக்கம்.

ஒரு விஷயம். முப்பத்திரண்டு வருடம் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்தவன் நான். எத்தனை முதுகு, எத்தனை தொப்பை. போலீஸ்காரர், ஜவுளிக்கடை முதலாளி, பட்டணத்து டாக்டர் எல்லோரும் என் பலகையில் குப்புறப் படுத்தவர்கள்தான். செல்வியின் அம்மா போன பிறகு விட்டுவிட்டேன். கையில் வலு இருந்தது. காலையில் எழுந்து போவதற்குத்தான் ஒன்றும் இல்லை. இரண்டு வருடம் கட்டிலைத் தேய்த்ததுதான் மிச்சம்.

இந்தக் கைக்கு ஒரு சாண் முதுகு தெரியாதா?

அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. தொழில் இல்லாமல் என் கூட்டாளி சுடலை இங்கே வந்தான். யோசனையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. நல்ல எண்ணெயாகப் போடு அண்ணாச்சி, நம்ம பிள்ளைக்கு நாமே கஞ்சத்தனம் பண்ணலாமா என்றான். பையில் இருந்த பாட்டிலைக் கொடுத்தான். வேரும் கற்பூரமும் போட்டுக் காய்ச்சிய பச்சை எண்ணெய். மாட்டைப் போல இருக்கிற ஆளுக்கே உச்சந்தலை வரை ஏறும். அதுதான் உசத்தி என்று எனக்கும் தோன்றியது. இரண்டு கிழட்டு மூளை சேர்ந்தும் ஒரு மூளைக்கு ஈடாகவில்லை.

இரண்டு தொடையிலும் தடவினேன். அவ்வளவுதான். பிள்ளை வீறிட்ட சத்தத்தில் சுடலை வாசலுக்குப் போய்விட்டான். கழுவினோம், துடைத்தோம். தொடை முழுக்கத் தக்காளிச் சிவப்பு. பொரிப்பொரியாகத் தடிப்பு.

செல்வி பிள்ளையை என் கையிலிருந்து வாங்கினாள். கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"எங்கம்மா இருந்தா இப்படி ஆயிருக்குமாப்பா?"

ஆகியிருக்காது.

ஆனி 23, திங்கள்

பெரியாஸ்பத்திரி. மழையில் ஆட்டோ கிடைக்க முக்கால் மணி நேரம். டாக்டரம்மா களிம்பு எழுதிக் கொடுத்தார். நாலைந்து நாளில் ஆறிவிடும், இப்போதாவது வந்தீர்களே என்றார். பிறகு நர்சம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். என்னைவிட நாற்பது வயது சின்னவர். கற்பூரம் பச்சைப்பிள்ளைக்கு விஷம் தெரியுமா, மூச்சு நின்றிருந்தால் என்ன செய்வீர்கள் என்று வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். கேட்கட்டும். எனக்கு அது வேண்டியதுதான்.

செய்ய வேண்டியதைச் சீட்டில் எழுதித் தந்தார். யாரிடமும் கொடுக்காமல் நானே படித்தேன்:

சுத்தமான தேங்காய் எண்ணெய், கொஞ்சம்.
இளஞ்சூட்டுத் தண்ணீர்.
மூக்கில், காதில் எண்ணெய் விடக் கூடாது. ஊதக் கூடாது.
சாம்பிராணிப் புகை கூடாது.

இதைச் சுவரில் ஒட்டினேன். பேச்சியம்மாள் பதினாறு நாளும் இந்தக் கூடாது எல்லாவற்றையும் செய்தவள்.

ச.அ. போன். பிள்ளை எப்படி என்றார். நன்றாக இருக்கிறது என்றேன். வெள்ளிக்கிழமை பார்க்கத்தானே போகிறேன் என்றார். நாலைந்து நாள் என்றால் நாலா, ஐந்தா? டாக்டரம்மாவிடம் சரியாகக் கேட்கவில்லை.

ஆனி 24, செவ்வாய்

செல்வி பேசவில்லை. கருவாட்டுக் குழம்பு அவள் அம்மா வைக்கிற மாதிரியே வந்தது. அதற்கும் பேசவில்லை.

மத்தியானம் பையை எடுத்து நானே பிள்ளைத் துணியை மடித்து வைத்தேன். போவதுதான் நல்லது. அங்கே பொம்பளைகள் இருக்கிறார்கள். ச.அ. ஆறேழு பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவர், ராயகிரியில் கைராசிக்காரி என்று பெயர். இங்கே என்ன இருக்கிறது? ஒரு கிழவன், ஒரு பச்சை பாட்டில்.

பாட்டிலைச் சாக்கடையில் கொட்டியாயிற்று. சாக்கடை மணக்கிறது.

ஆனி 25, புதன்

மத்தியானம் இரண்டு மணி. இதை எழுதியே தீர வேண்டும்.

செல்வி தனியே பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றப் பார்த்திருக்கிறாள். பிள்ளை நழுவி, மடியில் போய் விழுந்திருக்கிறது. நான் ஓடிப் போனேன். இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்களே ஊத்துங்கப்பா. நான் பக்கத்துல இருக்கேன்."

சீட்டை இரண்டு தடவை படித்தேன். பலகையில் உட்கார்ந்து காலை நீட்டினேன். பிள்ளையைக் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவில் கிடத்தினேன். தண்ணீரில் முழங்கையை விட்டுப் பார்த்தேன், சூடு சரி. தடிப்பு இருக்கிற இடத்தை விட்டுவிட்டு இரண்டு விரலால் மட்டும் எண்ணெய். விலா எலும்பு ஒவ்வொன்றும் விரலுக்குத் தட்டியது. குப்புறப் போட்டு முதுகு முடிந்ததும் பழைய பழக்கத்தில் பளீரென்று தட்டக் கை ஓங்கியது. நல்லவேளை, ஆள் யார் என்று நினைவு வந்தது.

தண்ணீர் ஊற்றும்போது அழவில்லை. வாயைக் கோணிக்கொண்டு என்னைப் பார்த்தது. பெரிய ஆள்கள் பாதிப் பேர் பலகையில் இப்படித்தான் பார்ப்பார்கள், இன்னும் கொஞ்சம் என்பது மாதிரி.

மூன்று மணி நேரம் உறக்கம். செல்வியும் உறங்கினாள். நான் கதவோரம் உட்கார்ந்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆனி 26, வியாழன்

நான்கு மணிக்குத் தானாக விழிப்பு. வெந்நீர் போட்டுவிட்டுப் பிள்ளை எழட்டும் என்று காத்திருந்தேன். இன்றும் அழவில்லை.

இடது தொடை சுத்தமாக ஆறிவிட்டது. வலது முழங்காலுக்குப் பின்னால் மட்டும் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்பு.

போகவேண்டாம் என்று நீ சொல்லலாமே என்று செல்வியிடம் கேட்டேன். அத்தையிடம் எப்படிப்பா சொல்வது, அம்மா ஊற்றுகிறாள் என்றால் சொல்லலாம், அப்பா ஊற்றுகிறார் என்று சொன்னால் ராயகிரியே சிரிக்கும் என்றாள். அவள் சொல்வதும் சரிதான். எனக்கே வாசலில் சொல்ல வாய் வரவில்லை.

மடித்து வைத்த துணியில் நான்கை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. நனைத்துவிட்டது. சந்தோஷமாக எடுத்தேன்.

ஆனி 27, வெள்ளி

பதினோரு மணிக்குக் கார். ச.அ.வும் டிரைவரும். பட்டுச்சேலை. இறங்கியதும் பிள்ளையை வாங்கிக் கையை, காலைப் புரட்டிப் பார்த்தார். முழங்காலுக்குப் பின்னால் பார்த்தாரா என்று தெரியவில்லை.

பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிக் கிளப்பிக்கொண்டு போகலாம், நானே ஊற்றுகிறேன் என்றார். செல்வியைத் துணி எடுத்து வைக்கச் சொன்னார். என்னை வாசலுக்கு அனுப்பினார். கதவைச் சாத்தினார். ஆம்பளைக்கு அங்கே என்ன வேலை.

வாசலில் நின்றேன். டிரைவர் ஐந்தருவியில் தண்ணீர் எப்படி என்றான். அருவியா முக்கியம்? கதவுப் பக்கமே காதை வைத்திருந்தேன். தண்ணீர் ஊற்றுகிற சத்தமே இல்லை. பிள்ளை அழுகிற சத்தம்தான். கால் மணி நேரம்.

பிறகு கதவு ஒரு விரற்கடை திறந்தது. ஒரு நிமிஷம் உள்ளே வாருங்கள் என்றார் ச.அ.

பலகைக்குப் பக்கத்தில் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பட்டுச்சேலை முழுக்க எண்ணெய். முகம் வேர்த்திருந்தது.

"கீழ உக்கார முடியல அண்ணாச்சி. உக்காந்தா எந்திரிக்க மாட்டேன். ரெண்டு முட்டியும் போச்சு. பேத்தின்னு வந்தா தானா மடங்கிரும்னு நெனச்சேன்."

வீட்டில் தெரியாதா என்றேன்.

"வலின்னு தெரியும். இம்புட்டுன்னு தெரியாது. நான் ஊத்தாம ஊருல எந்தப் பிள்ளை வளந்துச்சு? எம் பேத்திக்கு கூலிக்கு ஆள் வச்சேன்னு சொல்லச் சொல்லுதீயளா?"

அதாவது, பிள்ளையை அங்கே கொண்டுபோனாலும் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. இதற்குத்தான் ஒரு வாரமாக என் உயிரை வாங்கியிருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் பிள்ளை அழுதுகொண்டிருந்தது, தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து காலை நீட்டினேன். தாருங்கள் மதினி என்றேன்.

ஒரு நொடி என்னையே பார்த்தார். பிறகு பிள்ளையை என் காலில் கிடத்தினார்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஆரம்பித்தார். தலையைத் தாங்குங்கள். அக்குளில் தேயுங்கள். இடுப்பை விட்டுவிட்டீர்களே. மூக்கை ஊதுங்கள். ஊத மாட்டேன் என்றேன், சுவரைக் காட்டினேன். அந்த நர்சு எத்தனை பெற்றாள் என்றார். எத்தனை பெற்றாலும் ஊத மாட்டேன் என்றேன். பிள்ளை எங்கள் சண்டைக்கு நடுவிலேயே உறங்கிவிட்டது.

அப்போதுதான் முழங்காலுக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். இது என்ன என்றார். பொய் சொல்லவில்லை. பச்சை பாட்டில், சுடலை, ஆஸ்பத்திரி எல்லாம் சொன்னேன். பட்டுச்சேலையின் எண்ணெயைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உங்க பாட்டில நான் சொல்லல. என் முட்டிய நீங்க சொல்லாதீய."

டிரைவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஆவணி வரை பிள்ளை இங்கேதான். நன்றாகத்தான் இருந்தது, அடுத்த வார்த்தை வரும்வரை. அவரும் இங்கேயே இருக்கப்போகிறார். தண்ணீர் ஊற்ற.

ஆனி 30, திங்கள்

ச.அ. கட்டிலில். நான் தரையில். முட்டி சரியில்லாதவருக்குக் கட்டில் என்று வெளியே சொல்லவும் முடியாது. முதுகு வலி என்று எனக்கு ஒரு வியாதி வைத்திருக்கிறார், வைத்தியர் தரையில் படுக்கச் சொன்னாராம்.

காபியில் சீனி கூடாது. பிறகு, ஏன் கசக்கிறது. குழம்பில் புளி அதிகம். என் துணி கிளிப்புகள் முழுக்க அவர் சேலைக்கு.

காலை ஒன்பது மணிக்குக் கதவு சாத்தப்படும். ஜன்னலும். நான் ஊற்றுவேன், அவர் நாற்காலியில் இருந்து தாலாட்டும் அதட்டலும் தெரு முழுக்கக் கேட்கும்படி. செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று.

ஆடி 2, வெள்ளி

நல்ல காற்று. துணி காய்ந்தது.

நர்சம்மா வீட்டுக்கே தராசோடு வந்தார். பக்கத்து வீட்டு மாரியம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். மூன்று கிலோ நூறு. நர்சம்மா இரண்டு தடவை நிறுத்துப் பார்த்தார். தோலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, யார் தண்ணீர் ஊற்றுகிறது, நன்றாகச் செய்கிறீர்கள் என்றார்.

எல்லோரும் ச.அ.வைப் பார்த்தார்கள். ச.அ. சுவரைப் பார்த்தார்.

"பொம்பள கை பட்டாத்தான அண்ணாச்சி பிள்ளை தேறும்" என்றாள் மாரியம்மாள். "நீங்க ஒத்தையில இருந்து என்ன செஞ்சிருப்பீய?"

ஆமா, எல்லாம் மதினி கைராசிதான் என்றேன். இரண்டு உள்ளங்கையிலும் எண்ணெய் மினுமினுப்பு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.